பதினெட்டு அடி எட்டரை விரல்

பலெர்மோ,
08.10.2023

அன்புள்ள உமாசுதன்,

நீயும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டிருக்கிறது. போனில் கதைத்தால் பாதியிலேயே, "மச்சான், வேறை கோல் ஒண்டு வருது" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதோடு இதற்குள் ஒரு பழைய புத்தகத்துப் பக்கங்களின் படமும் வைத்திருக்கிறேன், பத்திரமாகப் பிரி.

லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் புரொபெசோரே நிக்கோலாவைப் பற்றி முன்னமே சொல்லியிருக்கிறேன். எண்பத்தாறு வயது. ஒருகாலத்தில் பல்கலைக்கழகத்தில் நீர்வேலைகள் பற்றிப் படிப்பித்தவர். இப்போது கண் தெரியாது. காலையில் குளிக்க வார்த்து, சவரம் செய்து, கோப்பி கொடுத்துக் கதிரையில் இருத்தினால் பதினொரு மணிக்கு எங்களுடைய இரண்டாவது உத்தியோகம் தொடங்கும். நான் வாசிப்பேன், அவர் கேட்பார். ஸ்பானிய மொழி எனக்கு விளங்காது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன், அவர் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் பொருள் சொல்கிறார்.

வாசிப்பது நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு கையெழுத்துப் புத்தகத்தின் போட்டோப் பிரதி. மூலம் மட்றிட்டில் இருக்கிறதாம். கிணறு, சுரங்கக் கால்வாய், மதகு, நீர் இறைக்கும் எந்திரம் எல்லாம் படத்தோடு. முதற்பக்கத்தில் டொன் பால்தசார் என்ற அரச பொறியியலாளரின் பெயர். ஸ்பெயின் அரசனின் ஆளாக வந்து இந்த ஊரில் மூன்று வருடம் இருந்தவர். புரொபெசோரே நாற்பது வருடமாக ஒரே கதைதான் சொல்கிறார். "அந்தாள் இதை எழுதேல்லை. இஞ்சை கிணறு தோண்டின மாஸ்த்ரோ வீத்தோதான் எல்லாத்தையும் அளந்து கீறிக் குடுத்தவன். அந்தாள் தன்ரை பேரைப் போட்டவர்." ஆதாரம் கேட்டால் பழைய சம்பளத் தாள் ஒன்றில் வீத்தோவின் பெயர் இருக்கிறது என்பார். மட்றிட்டில் உள்ளவர்கள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

போன செவ்வாய் நான் அளவுகளை வாசித்துக்கொண்டிருந்தேன். கிணற்றின் ஆழம் பதினெட்டு அடி எட்டரை விரல். சுரங்கத்தின் உயரம் ஐந்து அடி ஒன்பது விரல். கிணற்றுக்கும் கிணற்றுக்கும் இடையே முப்பத்தேழு அடி ஒரு விரல். வாசிக்க வாசிக்க எனக்கு எரிச்சல் வந்தது. தோண்டுகிறவனிடம் போய் எட்டரை விரல் என்று எவன் சொல்லுவான்?

உனக்கு நினைவிருக்கும். நீர்ப்பாசனக் கந்தோரில் நான் படவரைஞனாகச் சேர்ந்த வருடம், பழைய குளத்துப் படங்களையெல்லாம் அடியிலிருந்து மீற்றருக்கு மாற்றச் சொல்லி என் மேசையில் குவித்தார்கள். இருபது அடி மதகு ஆறு தசம் பூச்சியம் ஒன்பது ஆறு மீற்றராகும். அந்த எண்ணைக் கண்டால் நித்திரையிலும் சொல்லுவேன், இது மாற்றின அளவு, கட்டினவன் இருபது அடிக்குத்தான் கட்டினான் என்று. நான் புரொபெசோரேயிடம் கேட்டேன், "இந்த ஊரிலை அந்தக் காலத்திலை எதாலை அளந்தவை?" "பால்மோ. ஒரு சாண். இருபத்தாறு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு." ஸ்பானிய அடியோ எங்கள் அடியைவிடச் சின்னது, இருபத்தெட்டு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, அடிக்குப் பதினாறு விரல். ஒரு கடதாசி எடுத்துக் கணக்குப் பார்த்தேன். பதினெட்டு அடி எட்டரை விரல் சரியாக இருபது சாண். ஐந்து அடி ஒன்பது விரல் ஆறு சாண். மற்றது நாற்பது சாண்.

மனிதர் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டார். என் முகத்தைத் தடவிப் பார்த்தார். அழுதார், உமா. நாற்பது வருடம் அவர் தேடியது எண்ணுக்குள் கிடந்திருக்கிறது. ஸ்பானியக்காரன் சாணை அடியாக மாற்றி எழுதினவன், அவ்வளவுதான். அளந்தவன் வேறு ஆள்.

இதை ஆங்கிலத்தில் முறையாக எழுத எனக்கு வராது. அவருக்குக் கண் இல்லை. நீ அங்கே பல்கலைக்கழகத்தில் நீர்ப்பொறியியல் வரலாறு படிப்பிக்கிறாய். என்ன செய்யலாம் என்று யோசித்து எழுது. மகள் ஜெனனி உன்னைச் சுகம் கேட்கிறாள்.

உன் பழைய வாங்குத் தோழன்,
ஜெயரட்ணம்


ரொறன்ரோ,
02.11.2023

என் அருமை ஜெயம்,

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மச்சான், உன் மூளை இன்னும் துருப்பிடிக்கவில்லை! கந்தோரில் உன்னை ஏன் நான் பக்கத்திலேயே வைத்திருந்தேன் என்று இப்போதாவது இந்த உலகத்துக்கு விளங்கட்டும்.

இது சின்ன விஷயமில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றி இங்கேயும் படிப்பிக்கிறோம். டொன் பால்தசாரின் பெயரைக் கழற்றுவதென்றால் மட்றிட் முழுவதும் சண்டைக்கு வரும். ஆகவே கணக்கு மட்டும் போதாது. படத்தில் உள்ள சுரங்கம் பலெர்மோவில் இன்னும் இருந்தால் அதை அளக்கவேண்டும். நிலத்தில் உள்ள அளவும் சாணில் முழு எண்ணாக வந்தால் ஒருவரும் வாய் திறக்க முடியாது. நான்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும், ஆனால் இந்தத் தவணை ஒரு நாள்கூட அசைய முடியாது. என் ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது. அறுபத்தொரு வயதில் இவர்கள் என்னைப் புதுப்பிக்க ஒரு நல்ல கட்டுரையாவது வேண்டும் என்பதையும் உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

நீ அளந்து அனுப்பு. எழுதுகிற வேலையை என்னிடம் விடு. மூன்று பேருமாகச் செய்வோம்.

அன்போடு,
உமா


பலெர்மோ,
17.03.2024

அன்புள்ள உமா,

அளந்துவிட்டேன்.

புரொபெசோரே தன் பழைய மாணவன் ஒருவனிடம் சொல்லி அனுமதி எடுத்துத் தந்தார். ஊரின் தெற்கே ஒரு தேசிக்காய்த் தோட்டத்துக்குக் கீழேதான் அந்தச் சுரங்கம் ஓடுகிறது. நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கபோ சந்தையில் மீன் விற்கிற ரோஜே வந்தான். மொரீசியஸ்காரன். பாட்டனுக்குத் தமிழ் தெரியுமாம், இவனுக்கு "முருகா" மட்டும்தான் தெரியும். இறங்கின நேரம் தொடங்கி ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இடுப்பளவு தண்ணீர், உமா. மார்ச் மாதத்துத் தண்ணீர் எலும்பைத் தொடுகிறது. அறுபத்திரண்டு வயதில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், முப்பது வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் என்னுடைய வேலையைச் செய்தேன்.

உயரம் ஒரு மீற்றர் ஐம்பத்தைந்து. ஆறு சாண். கிணற்றின் ஆழம் ஐந்து மீற்றர் பதினாறு. இருபது சாண். ஏழு கிணறுகளுக்கு இடைத்தூரம் எடுத்தேன், ஆறும் பத்து மீற்றர் முப்பத்திரண்டுக்கு முன்பின் இரண்டு விரற்கடைதான் வித்தியாசம். நாற்பது சாண். ஏறிவந்து புரொபெசோரேக்குச் சொன்னபோது, "வீத்தோ, வீத்தோ" என்று செல்லப்பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு அழுதார்.

எட்டுத் தாளில் துப்புரவாக வரைந்து இத்துடன் அனுப்புகிறேன். வரைந்து முடித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு. கைப்பழக்கத்தில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் கந்தோர்ப் பெட்டியைக் கீறி, அளந்தவர் உமாசுதன், வரைந்தவர் ஜெயரட்ணம் என்று எழுதிவிட்டேன். எஞ்சினியராகிய நீ ஜீப்பில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் அளந்தவர் நீதானே அந்தக் காலத்தில்! திரும்ப வரைய முழங்கால் விடவில்லை, இரண்டு கிழமை மேசையில் நின்றிருக்கிறேன். நீ கட்டுரையில் சரியாகப் போட்டுக்கொள்.

இனி நான் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். புரொபெசோரேயின் பெயரை முதலில் போடு, அது அவருடைய நாற்பது வருடம். அவரோ என் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று அடம்பிடிக்கிறார். "கண்டுபிடிச்சது நீங்கள். நான் குருடன்" என்கிறார். முதலாவதோ மூன்றாவதோ, எனக்கு எது என்றாலும் சரி. ஆனால் என் பெயர் அதில் இருக்கவேண்டும் உமா. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இருபத்தெட்டு வருடமாக இந்த ஊரில் நான் யார் என்று கேட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டையில் வீட்டு வேலையாள் என்று இருக்கிறது. ஜெனனிக்கும் அதுதான் தெரியும். தன் தகப்பன் என்ன தெரிந்தவன் என்று அவள் ஒரு தடவை அச்சில் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
ஜெயரட்ணம்


ரொறன்ரோ,
20.04.2024

அன்பு ஜெயம்,

படங்கள் வந்தன. உன் கைக்கு நிகர் இல்லை. திணைக்களத் தலைவரிடம் காட்டினேன், எந்த மென்பொருளில் வரைந்தது என்று கேட்டார்!

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். கட்டுரை ஆசிரியர் ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழும் எந்த நிறுவனம், என்ன பதவி என்று போடவேண்டும். உனக்கு நான் என்ன எழுதுவது? பதாந்தே, முதியோர் பராமரிப்பு என்றா? வாசிக்கிறவன் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டுத் தாளை மூடுவான். ஒரு கிழவரைக் கழுவித் துடைக்கிற ஆள் ஸ்பானியப் புத்தகத்தின் ஆசிரியரை மாற்றிவிட்டான் என்று மட்றிட்டில் பகிடி பண்ணுவார்கள். உன் மனம் நோகவேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

உன் புரொபெசோரேயின் பெயரும் பாரம்தான். நாற்பது வருடம் ஆதாரமில்லாமல் கத்தினவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரைக் கண்டாலே பழைய கிழவனின் பழைய பாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நன்றிப் பகுதி என்று ஒன்று உண்டு. அதில் வடிவாக எழுதலாம். அவசரப்படாதே. நமக்குள் என்ன பெயர்?

உமா


பலெர்மோ,
12.05.2024

உமா,

உன் கடிதத்தை ஜெனனி வாசித்துவிட்டாள். தமிழை அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், ஆகவே "கழுவித் துடைக்கிற" என்ற இடத்தில் நெடுநேரம் நின்றாள். பிறகு மடித்து வைத்துவிட்டு ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு வேலைக்குப் போனாள். அங்கே சாப்பாட்டுக் கடை ஒன்றில் பரிமாறுகிறாள்.

ஓம், கழுவுகிறேன். அந்த மனிதரைக் கழுவுவதில் எனக்கு வெட்கமில்லை. அவர் ஒவ்வொரு நாளும் எனக்கு நன்றி சொல்கிறார்.

நமக்குள் என்ன பெயர் என்கிறாய். பழையதைக் கிளறக்கூடாது என்று இவ்வளவு காலமும் இருந்தேன். ஆனால் நீதான் கிளறவைக்கிறாய். தொண்ணூற்றோராம் ஆண்டு மாரியில் எங்கள் கந்தோர் கட்டின மதகு பெயர்ந்து இரண்டு ஊர் வயல் அள்ளுப்பட்டுப் போனது. விசாரணைக்கு வந்தவர்கள் படத்தை எடுத்துப் பார்த்தார்கள். அளந்தவர் உமாசுதன் என்று பெட்டியில் இருந்தது. நீ எழும்பி என்ன சொன்னாய்? "அது வழக்கத்துக்கு எழுதிறது. நான் அந்த இடத்துக்குப் போகவே இல்லை. அளந்தது ஜெயரட்ணம்." நான் வாய் திறக்கவில்லை. நீ சொன்னது உண்மை, அதனால் திறக்கவில்லை. நான் அளந்த மட்டம் சரி, அடித்தளத்தைக் குறைத்தது நீ என்பதும் உண்மை. உனக்கு அப்போது கல்யாணம் பேசியிருந்தது, ஆகவே அதையும் சொல்லவில்லை. ஒன்பது வருட உத்தியோகம் ஒரு பின்னேரத்தில் போனது.

நான் கணக்குத் தீர்க்கக் கேட்கவில்லை. பழி வந்தபோது எந்த உண்மையைச் சொன்னாயோ, புகழ் வரும்போதும் அதையே சொல். அளந்தது ஜெயரட்ணம். இரண்டு சொல்தான்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஜெயரட்ணம்


பலெர்மோ,
09.02.2025

உமாசுதன்,

ஒன்பது மாதம் பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. போன கிழமை ஜெனனி இன்ரநெற்றில் உன் கட்டுரையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். அட்டகாசமாக இருக்கிறது. என் எட்டுத் தாளும் இருக்கிறது. முன்னால் ஒரேயொரு பெயர், கலாநிதி உமாசுதன். மார்ச் மாதத்தில் நீயே சுரங்கத்தில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று அளந்ததாக எழுதியிருக்கிறாய். தண்ணீரின் குளிரைப் பற்றிக்கூட ஒரு வரி. அது என் கடிதத்தில் இருந்த வரி.

கடைசியில் அடிக்குறிப்பு. ஜெனனி அதை எனக்குத் தமிழில் சொன்னாள். "நாடாவின் மறுமுனையைப் பிடித்து உதவிய, தொழில்நுட்பப் பயிற்சி எதுவுமற்ற வீட்டுப் பணியாளர் ஒருவருக்கு நன்றி." பிறகு கேட்டாள், "அப்பா, இதிலை உங்கடை பேர் எங்கை?" நான் சொன்னேன், "அந்த ஒருவர்தான் அப்பா."

புரொபெசோரே அறிந்தால் உடைந்துபோவார். ஆகவே கட்டுரை வந்துவிட்டது, மூன்று பேரின் பெயரும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜெனனியைக் கொண்டு, நீ இறங்கின கதையும் அடிக்குறிப்பும் வராமல், மிச்சத்தை வாசித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக் கேட்டார், "உங்கடை பேர்தானே முதலிலை?" ஓம் என்றேன். வாழ்க்கையில் இப்படிச் சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னை மலைக் கோயிலுக்கு அனுப்பி, இந்த ஊரைக் காக்கும் ரொசாலியா மாதாவுக்குத் தன் பெயரால் மெழுகுதிரி கொளுத்தச் சொன்னார்.

நீ திருத்தம் போடலாம் என்று ஜெனனி சொல்கிறாள். ஒரு வரி எழுதினால் பெயரைச் சேர்ப்பார்களாம். சேர்.

ஜெயரட்ணம்


ரொறன்ரோ,
01.03.2025

ஜெயம்,

உன் மகளுக்கு இவ்வளவு தெரியும் என்றால் ஆசிரியர் குழுவில் இன்னொன்றும் கேட்கச் சொல். உன் எட்டுத் தாளிலும் உன் சொந்தக் கையெழுத்தில் என்ன எழுதியிருக்கிறது? அளந்தவர் உமாசுதன். யாரும் உன் கழுத்தைப் பிடித்து எழுதச் சொல்லவில்லை. அது அப்படியே அச்சில் இருக்கிறது. நான் எதையும் திருடவில்லை. நீ எழுதியதை ஏற்றுக்கொண்டேன்.

வெளிப்படையாகவே சொல்கிறேன், இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. உன்னிடம் கண் இருக்கிறது, கை இருக்கிறது. பெயர் இல்லை. நாற்பது வருடமாக நீ பார்ப்பாய், நான் சொல்லுவேன். நான் சொன்னால்தான் உலகம் கேட்கும். உன் வீத்தோவும் டொன் பால்தசார் இல்லாவிட்டால் மண்ணுக்குள் கிடந்திருப்பான். அவனுடைய சுரங்கத்தை நானூறு வருடம் காப்பாற்றியது ஸ்பானியக்காரனின் பெயர்தான். இதை நீ விளங்கிக்கொண்டால் உனக்கு நிம்மதி.

என் ஒப்பந்தத்தை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள். சந்தோஷப்படு.

உமாசுதன்


ரொறன்ரோ,
14.06.2025

என் அன்பு மச்சானுக்கு,

போன கடிதத்தில் கோபத்தில் ஏதோ எழுதிவிட்டேன். இரத்த அழுத்தம், உனக்குத் தெரியும்தானே. நாற்பத்தைந்து வருடச் சிநேகிதம் ஒரு கடிதத்தில் போய்விடுமா?

ஒரு சின்ன விஷயம். மட்றிட்டில் டொன் பால்தசாரின் எழுத்துகளைப் பதிப்பிக்கிற ஒரு பேராசிரியை எதிர்ப்பு எழுதியிருக்கிறாள். கணக்கில் அவளால் கைவைக்க முடியவில்லை. ஆகவே நான் உண்மையில் பலெர்மோவுக்குப் போனேனா என்று கேட்கிறாள். சஞ்சிகைக்காரர்கள் அந்த உதவியாளரின் முகவரியைத் தா என்றார்கள். தராமல் இருக்க முடியவில்லை, உன் முகவரியைக் கொடுத்துவிட்டேன். கேள்விகள் வரும். நீ ஒன்றும் விரிவாக எழுதவேண்டாம். கலாநிதி உமாசுதன் மார்ச் மாதம் வந்தார், அளந்தார், நான் நாடா பிடித்தேன். இவ்வளவுதான். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த கட்டுரையில் உன் பெயரை முழுப் பெயராகவே போடுகிறேன், சத்தியம்.

யோசித்துப் பார். நீ வேறு மாதிரி எழுதினால் எனக்கு மட்டுமா நட்டம்? தாளில் பொய்ப் பெயர் எழுதினவன் நீ. ஒரு வரி பொய் என்றால் எட்டுத் தாளையும் குப்பையில் போடுவார்கள். உன் வீத்தோவும் போவான், உன் குருட்டுக் கிழவரும் போவார். அந்த மனிதருக்காகவாவது சரியாக எழுது. என் பிள்ளைகள் முகத்தை நினைத்துக்கொள். ஜெனனிக்கு ஆசி.

உன்னையே நம்பியிருக்கும்,
உமா


பலெர்மோ,
20.09.2025

உமாசுதன்,

சஞ்சிகைக்காரர்களின் கடிதம் ஜூலையில் வந்தது. நாலு கேள்வி. நான் தமிழில் சொல்லச் சொல்ல ஜெனனி ஆங்கிலத்தில் எழுதினாள்.

அளந்தது யார்? நான். நாடா பிடித்தது யார்? கபோ சந்தையில் மீன் விற்கும் ரோஜே. கலாநிதி உமாசுதன் அங்கே இருந்தாரா? அவர் இந்த ஊரில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அப்படியென்றால் தாள்களில் அளந்தவர் என்று அவர் பெயர் ஏன்? அதற்குக் கொஞ்சம் நீளமாக எழுதச் சொன்னேன். எங்கள் கந்தோரில் வராதவரின் பெயரைத்தான் அந்த இடத்தில் எழுதுவோம், நான் ஒன்பது வருடம் அப்படி எழுதினேன், இதிலும் அப்படித்தான் எழுதினேன், அது பொய் என்று சொன்னேன்.

ஜெனனி பேனையை வைத்துவிட்டாள். "அப்பா, பொய் எண்டு நீங்களே எழுதினா உங்கடை அளவையையும் எறிஞ்சு போடுவினம். ரோஜே அங்கிளைச் சாட்சிக்கு வைப்பம், திருப்பி அளக்கச் சொல்லிக் கேப்பம்" என்றாள். வேண்டாம் என்றேன். "ஏன் அப்பா?" என்றாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். திருப்பி அளந்தால் கணக்குச் சரியாக வரும். கணக்குச் சரியென்றால், இறங்காவிட்டாலும் உமாசுதன் சொன்னது சரிதான் என்பார்கள். நீ எப்படியாவது எழும்பிவிடுவாய். எழும்புவதில் நீ கெட்டிக்காரன்.

ஆவணியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். உனக்கு என்ன நடந்தது என்று அங்கே இருக்கும் எங்கள் கந்தோர் அருளையாவின் மகன் சொல்லித் தெரியும். பல்கலைக்கழகம் உன்னை அனுப்பிவிட்டது, உன் அறைக் கதவில் இருந்த பெயர்ப் பலகையை அன்றைக்கே கழற்றினார்களாம். பெயர்ப் பலகை என்றதும் நான் அவனைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. அதையும் ஏன் மறைக்கவேண்டும்?

நீ சொன்னது நடந்தது. வீத்தோவும் போனான். அந்தப் புத்தகம் டொன் பால்தசாருடையதுதான், பலெர்மோ அளவைகள் இட்டுக்கட்டியவை என்று மட்றிட்டில் அச்சடித்துவிட்டார்கள். இனி யாராவது சாணைப் பற்றி வாய் திறந்தால் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

பழைய மாணவன் போனில் சொல்லி புரொபெசோரேக்குத் தெரிந்துவிட்டது. நான் கோப்பியோடு போகக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "இட்டுக்கட்டினது எண்டு சொல்லுகினம். நீங்கள் இறங்கினனீங்கள்தானே? சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் எனக்குப் போதும். நான் பழைய பெடியள் எல்லாரையும் கூப்பிட்டு நாளைக்கே அளப்பிக்கிறன்" என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுக்கூடத் தேவைப்படாது. ஓம் என்றால் போதும். மாரி வருமுன் வீத்தோ வென்றிருப்பான், அந்த மனிதர் நிம்மதியாகச் சாவார். ஆனால் அதே நாள் நீயும் ரொறன்ரோவில் எழும்பி, கண்டீர்களா, நான் சொன்னது சரிதானே என்று கேட்பாய்.

"இல்லை, புரொபெசோரே. நான் இறங்கேல்லை. மேசையிலை இருந்து எழுதினனான்" என்றேன்.

அவர் ஏசவில்லை. "அப்ப ஏன் என்னை அழவிட்டுப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?" என்று கேட்டார். அதன்பிறகு என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மாதக் கடைசியில் ரோஜேயின் மனைவி இவெத் என் வேலைக்கு வந்தாள். நான் இப்போது ஜெனனியின் கடையில் பின்னுக்கு நின்று கோப்பை கழுவுகிறேன். ரோஜே உண்மையைச் சொல்லிவிடுவான் என்ற பயத்தில், அவளிடம் அந்தச் சுரங்கத்தைப் பற்றிக் கதைக்கவேண்டாம், கிழவருக்கு நெஞ்சு தாங்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நல்லவள், கதைக்கமாட்டாள். புரொபெசோரே இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு, போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். உன் முகம் வருகிறது, போகாமல் விடுகிறேன்.

இனி எழுதாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.

அளந்தவன்,
ஜெயரட்ணம்